பதக்கம் வாங்கும் வரை அவள் யாருடைய பிள்ளை?

"அக்கா, அந்த போட்டோவ எடுத்துடச் சொல்லுங்கக்கா."

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் ஒரு பிள்ளை சொன்னது இது. வட மாவட்டத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்தவள். அப்போது பத்தாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் 400 மீட்டரிலும் 800 மீட்டரிலும் முதலிடம் பிடித்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். எங்களுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. உடனே காலனி முனையில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தோம். ஒரு பக்கம் அண்ணல் அம்பேத்கர், நடுவில் அவள் வெறுங்காலோடு ஓடும் படம், கீழே "வறுமையை மிதித்து ஓடும் சேரிப் புயல்" என்று கொட்டை எழுத்தில் வாசகம். எழுதியதும் நாங்கள்தான், கைதட்டிக்கொண்டதும் நாங்கள்தான்.

அதைத்தான் எடுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டோம். "கிளாஸ்ல எல்லாரும் என் காலப் பாத்து சிரிக்கிறாங்க. எங்கிட்ட ஷூ இல்லன்னு ஊருக்கே தெரியணுமா?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. அவளைக் கேட்டு அந்தப் படத்தைப் போட்டோமா? இல்லை. ஃபிளெக்ஸ் அடித்த காசில் ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்க முடியாதா? முடிந்திருக்கும். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து மாவட்டப் போட்டி. 800 மீட்டரில் இரண்டாவது சுற்று தொடங்கும்போதே அவள் கால்கள் பின்ன ஆரம்பித்தன. வளைவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஸ்டாமினா பத்தலம்மா இந்தப் புள்ளைக்கு" என்றார் பி.டி. சார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.9. டாக்டரம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். போட்டியன்று காலை என்ன சாப்பிட்டாய்? டீயும் பன்னும். முந்தின நாள் இரவு? அம்மா வேலை முடித்து வர நேரமாகிவிட்டது, தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? நான்கு மாதமாக வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லையா? இல்லை. ஏன்?

"ஓடுறதுக்கு வசதியா இருந்துச்சுங்க டாக்டர்."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் இந்தப் பதிவில் உங்கள் முன் வைக்கிறோம். பதக்கம் வாங்கிவிட்டால் அவள் ஊருக்குப் பிள்ளை, மாவட்டத்துக்குப் பிள்ளை, நாட்டுக்கே பிள்ளை. பதக்கம் வாங்கும் வரை அவள் யாருடைய பிள்ளை?

வெறுங்கால் அழகல்ல

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவர் நம் கண்ணகி நகர் கார்த்திகா. சென்னை நகருக்குள் குடிசைகளில் இருந்த மக்களை 2000-க்குப் பிறகு அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று நம் தம்பிகள் முகவரியை மாற்றிச் சொன்ன காலம் உண்டு. அந்தப் பெயரை ஒரு பெண் பிள்ளை ஆசிய மேடையில் நிமிரச் செய்தாள். அன்று நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாடத்தான் வேண்டும்.

ஆனால் கொண்டாட்டத்தோடு சேர்ந்தே ஒரு கதையும் வரும். அந்தக் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். "வறுமையை வென்ற வீராங்கனை" என்ற தலைப்பு எந்தப் பத்திரிகையிலும் வருடத்துக்கு நாலு முறை வந்துவிடும். மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக் வரை போய் ஓடினார். அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் அவர் ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடினார் என்பதைத் தவறாமல் எழுதினார்கள். நாட்டில் பள்ளிகளும் விளையாட்டுத் துறையும் இருந்தும், ஓடத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை ஏன் வெறுங்காலோடு ஓட வேண்டியிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

சமூகவியலில் நாங்கள் படித்த முக்கியமான பாடம் இது. விதிவிலக்கைக் கொண்டாடும்போது விதி கண்ணில் இருந்து மறைந்துவிடும். ஒரு ரேவதி மேலே வந்துவிட்டால், "பார், மனசு வைத்தால் முடியும்" என்று சொல்லிவிடலாம். ஏழாம் வகுப்பில் ஓடி, ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன நூறு பிள்ளைகள் மனசு வைக்காதவர்கள் ஆகிவிடுவார்கள். பசியும் ரத்தசோகையும் சாதியும் அந்தக் கணக்கில் வராது. நாங்கள் வைத்த ஃபிளெக்ஸும் அதே வேலையைத்தான் செய்தது. அவள் பட்ட இழப்பை அவளுடைய பெருமையாக மாற்றிவிட்டோம்.

சோறு எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சோறு போடுவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். உண்மையிலேயே பெருமைதான். ஆனால் ஒரு விளையாட்டு வீராங்கனையின் கண்ணோடு அதைப் பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு முடிகின்றன. பிள்ளையின் உடம்பு வளர்ந்து, பயிற்சி கடுமையாகி, மாநிலப் போட்டிகளுக்குப் போகும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் அவளுக்கு ஒரு வேளைச் சோறும் இல்லை. காலையில் மைதானம், பிறகு வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம். இடையில் வீட்டில் இருந்து கொண்டுவந்த டப்பாவில் என்ன இருக்கிறதோ அதுதான்.

விடுதிப் பிள்ளைகளின் நிலை? ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே பள்ளி மாணவருக்கான மாத உணவுக் கட்டணம் 2023-இல் 1,000 ரூபாயில் இருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. மூன்று வேளைக்கும் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி தேவை. காலையும் மாலையும் ஓடும் பிள்ளைக்கு அதற்கு மேலும் வேண்டும். 47 ரூபாயில் எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு, எத்தனை வாழைப்பழம் வாங்க முடியும் என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதாவது மைதானத்தில் வரிசையில் நிற்கும் பத்துப் பெண் பிள்ளைகளில் ஐந்தாறு பேர் தங்கள் உடம்பில் போதிய ரத்தம் இல்லாமல்தான் ஓடுகிறார்கள். மேல்மூச்சு வாங்கினால் "சோம்பேறி" என்கிறோம், தலைசுற்றினால் "ஸ்டாமினா இல்லை" என்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு கிடைக்காதபோது உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொள்ளும். முதலில் நிறுத்துவதில் ஒன்று மாதவிடாய். கூடவே எலும்பு வலுவிழக்கும், காயம் ஆற நாளாகும், தூக்கம் கெடும், மனம் சோர்ந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்து, மருத்துவ வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. நம் பள்ளி மைதானங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. "தொல்லை விட்டுச்சு" என்று பிள்ளையும் நினைக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் வேறு சந்தேகம் வருமோ என்று பயப்படுகிறாள். பி.டி. சார் ஆண். அவரிடம் எப்படிச் சொல்வாள்?

தங்கைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் அது வசதி அல்ல. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

"அவங்க உடம்பே தனி"

பள்ளிகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகம் உண்டு. "காலனிப் பிள்ளைங்க நல்லா ஓடுவாங்க சார், அவங்க உடம்பே தனி." பாராட்டு போலத்தான் இருக்கும். அடுத்த வாசகத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: "படிப்பு வராது, ஓடவாவது விடுங்க."

உழைப்பை உடம்பின் மேல் ஏற்றி, அறிவை வேறு யாருக்கோ ஒதுக்கும் பழைய சாதிக் கணக்குதான் இது. அவள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து தனியாகப் பயிற்சி எடுத்ததும், ஓட்டத்தின் எந்த இடத்தில் வேகம் கூட்டுவது என்று யோசித்து வைத்திருந்ததும் "உடம்பு வாகு" ஆகிவிடுகிறது. அதனால்தான் அவள் அணியில் இருப்பாள், தலைவராக இருக்கமாட்டாள். போட்டிக்குப் போவதற்காக வகுப்பைத் தவறவிட்டால், பாடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. காயம் பட்டு ஓட முடியாமல் போனால், படிப்பும் கையில் இல்லை, மைதானமும் கையில் இல்லை.

மைதானத்தில் சாதி இல்லை என்று சொல்பவர்களுக்கு வரலாற்றில் இருந்து இரண்டு செய்திகள். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவராக இருந்தவர் பல்வங்கர் பாலு. அவர் தொட்ட பந்தைத் தொட்டு விளையாடியவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே வைத்து மண்குவளையில் கொடுத்தார்கள். பழைய கதை என்பீர்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, அந்தச் சாதனையைச் செய்த முதல் இந்தியப் பெண் ஆனார் வந்தனா கட்டாரியா. சில நாளில் அணி அரையிறுதியில் தோற்றது. ஹரித்துவார் அருகே அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆண்கள் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் தோல்வி என்று வசைபாடினார்கள். ஒலிம்பிக் வீராங்கனைக்கே இதுதான் என்றால், குறுவட்டப் போட்டியில் தோற்றுவிட்டு வகுப்புக்குத் திரும்பும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன காத்திருக்கும்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனை நாம் மறக்கவே கூடாது. செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் பெற்றோரின் மகள். 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பைப் பற்றி நாடே பேசியது. அவரிடம் யாரும் எதையும் ஒழுங்காக விளக்கவில்லை. ஒரு கட்டத்தில் அதே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. இன்றும் நம் பள்ளிகளில் வேகமாக ஓடும், தலைமுடியைக் கிராப் வெட்டிய பெண் பிள்ளையைப் பார்த்து "ஆம்பள மாதிரி இருக்கா" என்று சிரிக்கிறார்கள். சில ஆசிரியர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சாந்தி அக்காவுக்கு நடந்தது அந்தச் சிரிப்பின் நீட்சிதான்.

வலியைச் சொல்ல இடம் வேண்டும்

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் இறந்துபோனதை நீங்கள் மறந்திருக்க முடியாது. வியாசர்பாடிப் பெண். மூட்டுத் தசைநார் கிழிந்ததற்காக அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டு, காலை எடுத்தார்கள். பிறகு உயிரும் போனது. அந்த மரணத்தில் மருத்துவத் தவறு பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் காயத்துக்கு முன்னும் பின்னும் ஏழை வீராங்கனைக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் போதுமான அளவுக்குக் கேட்கவில்லை.

மூட்டுத் தசைநார்க் கிழிவு ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நிறுவப்பட்ட உண்மை. குதித்து இறங்கும் முறை, முட்டியைச் சுற்றியுள்ள தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, ஒழுங்கான வார்ம்-அப் ஆகியவற்றால் இதைப் பெருமளவு தடுக்கலாம் என்பதும் நிறுவப்பட்டதே. பதினைந்து நிமிட வேலை, காசு செலவில்லை. கட்டாந்தரையில் கபடி ஆடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? வலிக்கிறது என்றால் "ஸ்பிரே அடிச்சுட்டுப் போ" என்பதுதான் பல இடங்களில் வைத்தியம். வலியைச் சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

மனவலிக்கு அந்த ஸ்பிரேயும் கிடையாது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வீட்டில் அது எப்படிப் பேசப்படுகிறது? "நீ ஜெயிச்சா போலீஸ் வேலை, ரயில்வே வேலை. குடும்பமே கரையேறிடும்." பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் மொத்தக் குடும்பமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தோற்றால் அவள் தோற்றது பந்தயத்தில் மட்டும் இல்லை. எங்கள் மையத்தில் ஒரு கபடிப் பிள்ளை, அரையிறுதியில் தோற்ற அன்று வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிலையத்திலேயே இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தாள். "அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்குறது?" என்றாள். அந்த அம்மா எங்களோடு ஓடி வந்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். "யாருடீ உன்ன ஜெயிக்கச் சொன்னா, வா வீட்டுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லும்படி நாங்கள் அந்த அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும்.

பயிற்சியாளர் கடவுள் அல்ல

2021-இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஒரு பெண் பேச ஆரம்பித்ததும், பல ஆண்டுகளாக வாய் திறக்காத மற்றவர்களும் வந்தார்கள். 2023-இல் ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்‌ஷி மாலிக்கும், உலகப் போட்டிகளில் பதக்கம் வென்ற வினேஷ் போகத்தும் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

தேர்வுப் பட்டியலும், போட்டிக்குப் போகும் செலவும், சான்றிதழும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது பிள்ளையால் எப்படி வாய் திறக்க முடியும்? நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. "நம்ம பிள்ளைக்கு யார் இந்த வாய்ப்பைக் கொடுப்பா? அந்த சார் தெய்வம்" என்று வீட்டிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். தெய்வத்தின் மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். தலைமை ஆசிரியராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. "பள்ளியின் பேர் கெட்டுவிடும்" என்பது அவர்களைக் காப்பாற்றாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு நிறுவனங்கள், மைதானங்கள், போட்டி நடக்கும் இடங்கள் ஆகியவற்றையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் தலித்தாகவும் குற்றவாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

இதையும் சொல்ல வேண்டும். நல்ல உடற்கல்வி ஆசிரியர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். சொந்தச் சம்பளத்தில் முட்டையும் வாழைப்பழமும் வாங்கித் தருபவர்கள், போட்டி முடிந்து இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு பிள்ளையையும் வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் பி.டி. மிஸ்கள். அவர்கள் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் மைதானத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் பாதுகாப்பு ஒரு நல்ல மனிதரின் குணத்தை நம்பி இருக்கக்கூடாது. நல்லவர் மாறுதலாகிப் போய்விட்டால்? அதனால்தான் ஏற்பாடு கேட்கிறோம்.

"கஷ்டப்பட்டால்தானே ஜெயிக்க முடியும்?"

இப்படி எழுதினால் உடனே வரும் கேள்வி இது. நம் தோழர்களே கேட்பார்கள். பயிற்சியின் கஷ்டம் வேறு, பட்டினியின் கஷ்டம் வேறு. நாற்பது முறை சுற்றி ஓடுவது பயிற்சி. சாப்பிடாமல் ஓடுவது பட்டினி. முதலாவதை அவளே தேர்ந்தெடுக்கிறாள். இரண்டாவதை அவள் பிறந்த இடம் அவள் தலையில் கட்டுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியாளர், சத்துணவு நிபுணர், பிசியோ எல்லாம் இருக்கும்போது யாரும் "இதனால் உறுதி போய்விடும்" என்று சொல்வதில்லை. நம் பிள்ளை ஒரு முட்டை கேட்டால் மட்டும் உறுதி பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் மாணவர்களும் இளம் செயல்பாட்டாளர்களும் நாளையே தொடங்கக்கூடியவை சில.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தலைவரும் பெற்றோர்தான். நம் அம்மாக்களோடு போய் அந்தக் கூட்டத்தில் உட்காருங்கள். மூன்று கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஹீமோகுளோபின் பரிசோதனை நடக்கிறதா? வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெண் ஆசிரியரோ, ஒரு தாயோ கட்டாயம் உடன் போகிறாரா? மைதானத்தின் பக்கத்தில் தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு கழிப்பறை இருக்கிறதா? வாயால் கேட்டால் பதிலும் வாயோடு போய்விடும். எழுத்தில் கேளுங்கள்.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அதே மூச்சில், போட்டிக்குப் போன பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை நடத்தச் சொல்லுங்கள். கல்லூரி படிக்கும் நீங்களே வாரம் இரண்டு மாலை அதைச் செய்யலாம். எங்கள் மையத்தில் செய்கிறோம்.

பயிற்சியாளரோடு தனியாகப் பயணம் இல்லை, தனி அறையில் சந்திப்பு இல்லை, இரவில் தனி வாட்ஸ்அப் செய்தி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் ஒரே கூட்டத்தில் வைத்துச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் இதற்குக் கோபப்படமாட்டார். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 14416 மனநல ஆலோசனைக்கான எண். மூன்றையும் மைதானச் சுவரில் எழுதி வையுங்கள்.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் சத்துணவு வேண்டும். சமூகநீதி விடுதிகளில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுப் படி வேண்டும். பதக்கம் வென்ற பிறகு கொடுக்கும் லட்சங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு முட்டை கொடுங்கள் என்கிறோம்.

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. நம் இயக்கங்களும் பதக்கம் வந்த பிறகுதான் மாலையோடு போகின்றன. தோற்ற பிள்ளை வீட்டுக்கு நாம் போனதுண்டா? விளையாட்டை விட்டுவிடுகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "சமுதாயத்துக்காக ஓடு" என்று அவள் மேல் இன்னொரு சுமையை ஏற்றாமல் இருந்திருக்கிறோமா? தோற்பதற்கும், ஓய்வெடுப்பதற்கும், வேண்டாம் என்று நிறுத்துவதற்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையும் சுயமரியாதையில் சேர்ந்ததுதான்.

அந்த 800 மீட்டர் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். டாக்டரம்மா சொன்னபடி மூன்று மாதம் ஓடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, தினம் முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை. மாதவிடாய் திரும்ப வந்தது. அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. "பத்தாவது முடிஞ்சதும் முட்டையும் முடிஞ்சு போச்சுக்கா" என்று கிண்டல் செய்கிறாள்.

அன்று அவள் காலில் ஷூ இருந்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம்.

"எடுங்க. ஆனா போடுறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டுங்க" என்றாள்.

ஜெய் பீம்!